பெர்சியூஸ் முதல் யுலிசிஸ் வரை: 'ஃபாபுலை ஃபகிலேஸ்' லத்தீன் வாசிப்பு நூல் – மதிப்புரை

வேற்றுமை அட்டவணைகளை உருப்போட்டு முடித்த கையோடு ரோமத் தளபதி சீசரின் போர்க் குறிப்புகளைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டுகிறது. சொந்த முயற்சியில் லத்தீன் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கைவிடுவது அந்த இடத்தில்தான். அட்டவணைக்கும் அசல் நூலுக்கும் நடுவே ஏறிப்போக ஒரு படிக்கட்டு வேண்டும். அந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட பழைய நூல் 'ஃபாபுலை ஃபகிலேஸ்'. 'எளிய கதைகள்' என்று பொருள். எழுதியவர் பிரான்சிஸ் ரிச்சி என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் எக்ஸிடர் பள்ளியில் லத்தீன் கற்பித்த ஜான் கர்ட்லண்ட், அதற்குக் குறிப்புகளும் சொற்பட்டியலும் சேர்த்து 1903இல் ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். இன்று புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

உள்ளே நான்கு கதைகள்: பெர்சியூஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பலில் போனவர்கள், யுலிசிஸ். மொத்தம் 100 சிறு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பத்தி அளவு. முதல் பகுதியில் 60 சொற்களுக்குச் சற்று மேல், அவ்வளவே. பெர்சியூஸ் 11 பகுதிகளில் முடிந்துவிடுகிறான். கிட்டத்தட்டப் பாதி நூலை ஹெர்குலிஸ் எடுத்துக்கொள்கிறான். காப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் புராஜெக்ட் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்க வாசிப்பு நூல் இல்லை என்பதே இந்த மதிப்புரையின் முடிவு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நூலின் சொற்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். வாக்கிய அமைப்பையும் ஆங்கிலம் வழியாகவே பிடிக்கப் போனால், தமிழுக்கும் லத்தீனுக்கும் நேரடியாக ஒத்துப்போகும் பல இடங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கீழே லத்தீனைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். சொல்லின் நடுவே வரும் க, ட, ப எழுத்துகளைத் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் குழைத்து வாசித்துவிட வேண்டாம்; எது வல்லோசை, எது மெல்லோசை என்பதை நூலின் ரோமன் எழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில், இது முதல் நாள் கையில் எடுக்கும் நூல் அல்ல. முதல் பகுதியிலேயே 'நார்ரன்டுர்' (சொல்லப்படுகின்றன), 'அப்பெல்லாபாடுர்' (அழைக்கப்பட்டான்), 'டெர்ரிட எஸ்ட்' (அச்சுறுத்தப்பட்டாள்) என்று மூன்று செயப்பாட்டு வினைகள் வருகின்றன. தாய், கடல், புயல் மூன்றும் மூன்றாம் வகுப்புப் பெயர்கள். ஆகவே முதல் மூன்று பெயர்ச்சொல் வகுப்புகள், நான்கு வினை வகுப்புகளின் செய்வினையும் செயப்பாட்டு வினையும், 'ஹிக்', 'இல்லெ', 'இஸ்' என்ற சுட்டுப் பெயர்களின் உருபுகள் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அது மூன்று மாத வேலை. அதற்கு முன்பே கதையைத் திறந்தால் வரிக்கு ஐந்து முறை அட்டவணையைப் புரட்ட நேரும். கதை ஓடாது; கதை ஓடாவிட்டால் இந்த நூலில் பயனில்லை.

முதல் பகுதியை நெருங்கிப் பார்ப்போம். அக்ரிசியஸ் ஓர் அருள்வாக்குக்குப் பயந்து, கைக்குழந்தையான பேரனைத் தாயோடு மரப்பெட்டியில் அடைத்துக் கடலில் எறிகிறான். கர்ணன் நினைவுக்கு வருவான்; ஆனால் இங்கே தாயும் பெட்டிக்குள் இருக்கிறாள். பகுதியின் கடைசி வாக்கியம்: 'பெர்ஸெயுஸ் அவுடெம் இன் சினூ மாட்ரிஸ் டொர்மியேபட்.' 'அவுடெம்' வாக்கியத்தின் முதலில் வராது, ஒரு சொல் தள்ளித்தான் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஆனால்' என்று தொடங்கிப் பழகியவருக்கு இது விந்தை. நமக்கு இதே வேலையைப் பெயரின் வாலில் ஒட்டும் ஓகாரம் செய்கிறது. தாய் நடுங்குகிறாள், கடல் கொந்தளிக்கிறது, 'பெர்சியூஸோ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.' சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது.

அதிலுள்ள 'சினுஸ்' என்ற சொல்லுக்குச் சொற்பட்டியல்கள் மார்பு, ஆடையின் மடிப்பு, வளைகுடா என்று பல பொருள் தரும். தமிழின் 'மடி' அதில் இரண்டைத் தாங்குகிறது: குழந்தை கிடக்கும் இடமும் மடி, துணியை மடக்கிக் காசு முடியும் இடமும் மடி. வளைகுடா என்ற பொருளை மட்டும் கரை மடிந்து கடலை உள்வாங்கும் இடம் என்று நினைத்துக்கொண்டால் மூன்றும் மறக்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். அக்ரிசியஸ் 'அவனுடைய' தாத்தா என்னும்போது 'அவுஸ் எய்யுஸ்' என்று வருகிறது. அடுத்த வாக்கியத்தில் அக்ரிசியஸ் பேரனைக் கொல்ல நினைக்கிறான் என்னும்போது 'நெபோடெம் சுவும்' என்று மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் 'எய்யுஸ்', 'சுவுஸ்' வேறுபாடு ஆங்கிலவழிப் பாடநூல்களில் தனிப் பாடமாகவே இருக்கும். தமிழில் நாம் தினமும் பிரித்துப் பேசுவதுதான் இது: 'அவன் தாத்தா', 'தன் பேரன்'. எழுவாயையே திரும்பிச் சுட்டினால் 'தன்', வேறொருவரைச் சுட்டினால் 'அவன்'. முதல் பகுதியில் இது பிடிபட்டுவிட்டால் 100ஆம் பகுதி வரை தடுமாற்றம் வராது.

தமிழ் இப்படி உதவும் இடங்கள் நூல் முழுக்கக் கிடக்கின்றன. ஹைட்ராவை அறிமுகப்படுத்தும்போது 'குய் நொவெம் எரன்ட் கபிட' என்கிறது: 'அதற்கு ஒன்பது தலைகள் இருந்தன.' உடைமைக்குக் 'கு' உருபு போடுவது நமக்குப் பிறவிப் பழக்கம். ஹெர்குலிஸ் மனிதர்களிலேயே மிகப் பலசாலி 'ஃபுயிஸ்ஸெ டீகிடுர்' என்று வருகிறது. 'இருந்ததாகச் சொல்லப்படுகிறான்' என்று நீட்டி முழக்க வேண்டாம், 'பலசாலியாக இருந்தானாம்'. அந்த 'ஆம்' தான் 'டீகிடுர்'.

இனி, தமிழே காலை வாரும் இடங்கள். மூன்று உண்டு.

முதலாவது பால். நமக்குப் பெட்டி அஃறிணை, அத்தோடு சரி. லத்தீனில் பெட்டி பெண்பால், தீவு பெண்பால், தொட்டிலில் புகுந்த... இல்லை, இந்தக் கதையில் தொட்டில் கிடையாது; குழந்தை ஹெர்குலிஸும் தம்பியும் ஒரு பெரிய கேடயத்தில் படுத்திருக்கிறார்கள். அந்தக் கேடயத்தருகே வரும் இரண்டு பாம்புகளும் பெண்பால். 'டுவாஸ் செர்பென்டேஸ் சைவிஸ்ஸிமாஸ்' என்று அடையும் எண்ணும் பெண்பால் உருபு ஏற்கின்றன. நசுக்கப்பட்டபோது வினையும் 'இன்டெர்ஃபெக்டை சுன்ட்' என்றே முடிகிறது. ஆகவே சொற்களைத் தனியாக எழுதிவைப்பது வீண். 'அர்க' என்று எழுதாமல் 'அர்க லிக்னெய' (மரப்பெட்டி) என்று அடையோடு எழுத வேண்டும். பெயர் மறந்தாலும் அடையின் ஈறு பாலைச் சொல்லிவிடும்.

இரண்டாவது அப்லேட்டிவ் வேற்றுமை. நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலை பெரும்பாலும் அங்கே ஒரே உருபில் முடிகிறது. பெர்சியூஸ் கொல்லும் அரக்கி மெடூசாவின் தலை 'ஃபல்கெ சுவா', 'ஊனோ இக்டூ' வெட்டப்படுகிறது: 'தன் அரிவாளால், ஒரே வெட்டில்.' இரண்டும் ஒரே வேற்றுமை, முன்னே எந்த இடைச்சொல்லும் இல்லை. 'ஏ மரீ' கடலிலிருந்து, 'கும் மாட்ரெ' தாயோடு; இவையும் அதே வேற்றுமைதான். ஆல், இல், இலிருந்து, ஓடு ஆகிய நான்கில் எது என்பதை முன்னே நிற்கும் இடைச்சொல்லையும் வினையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நூலை அச்செடுத்து ஒவ்வொரு அப்லேட்டிவ் சொல்லின் தலையிலும் பொருத்தமான தமிழ் உருபைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். முப்பது பகுதிகளுக்குள் கை தானாகவே எழுதும்.

மூன்றாவது இறந்தகாலம். 'டொர்மியேபட்' தூங்கிக்கொண்டிருந்தான், 'கொன்யேகிட்' எறிந்தான். இந்த வேறுபாடு நமக்கு எளிது. ஆனால் 'வொலேபட்' என்பதை 'விரும்பிக்கொண்டிருந்தான்' என்று மொழிபெயர்த்தால் தமிழ் கெட்டுவிடும், 'விரும்பினான்' போதும். வடிவத்தில் தொடர்காலம் என்பதை மனத்தில் வைத்து, தமிழில் இயல்பாக வருவதை எழுதுங்கள். 'ஓடெரட்' என்ற சொல்லும் ஒரு கண்ணி. தேவர்களின் அரசி ஜூனோ, ஹெர்குலிஸின் தாய் அல்க்மேனாவை 'வெறுத்திருந்தாள்' என்று அதன் வடிவம் சொல்லும். பொருளோ வெறும் 'வெறுத்தாள்'. இந்த வினைக்கு நிகழ்கால வடிவம் கிடையாது, முற்றுக்கால வடிவமே நிகழ்காலமாக நிற்கிறது. குறிப்பைப் பார்க்காமல் போகிறவர்கள் இங்கே தவறாமல் விழுவார்கள்.

கதைக்கும் இலக்கணத்துக்கும் உள்ள கட்டுமானம்தான் இந்த நூலின் தனிச்சிறப்பு. பெர்சியூஸ் கதையில் வாக்கியங்கள் குட்டையானவை. அவன் கேட்டான், புறப்பட்டான், தேடினான் என்று நேர்க்கோட்டில் போகும். சப்ஜங்டிவ் (நேரடிச் செய்தியாக அல்லாமல் எண்ணம், நோக்கம், சூழல் போன்றவற்றுக்கு வரும் வினை வடிவம்) தொல்லை இல்லை. ஹெர்குலிஸ் கதையில் 'யார்', 'எதன் வழியாக' என்று தொடங்கும் இணைப்பு வாக்கியங்கள் பெருகுகின்றன. ஆர்கோ கதையின் முதல் பத்தியிலேயே, ஜேசனை மறைத்துவைத்த நண்பர்கள் 'மறுநாள் அரசனிடம் திரும்பி வந்தபோது, பையன் இறந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள்' என்ற வாக்கியத்தில் 'போது' என்ற பொருளில் வரும் 'கும்' சேர்ந்த சப்ஜங்டிவும் மறைமுகக் கூற்றும் கைகோத்து வந்துவிடுகின்றன. 'ஹைக் நார்ரன்டுர் ஆ பொயேடீஸ் டே பெர்ஸெயோ' என்ற ஆறு சொல் வாக்கியத்தில் தொடங்கிய நூல், யுலிசிஸ் கதையை எப்படித் திறக்கிறது பாருங்கள்: 'உர்பெம் ட்ரோயம் ஆ க்ரைகீஸ் டெகெம் அன்னோஸ் ஒப்செஸ்ஸம் எஸ்ஸெ சடிஸ் கோன்ஸ்டட்.' டிராய் நகரம் கிரேக்கர்களால் பத்து ஆண்டுகள் முற்றுகையிடப்பட்டது என்பது எல்லோரும் அறிந்ததே. எழுவாய் போல் தோன்றும் நகரம் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. முழு வாக்கியமும் கடைசி இரண்டு சொற்களில் தொங்குகிறது. வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழ் வாசகருக்குப் பழகிய பொறுமைதான்.

அடுத்தடுத்த வரிகளில் அப்லேட்டிவ் அப்சல்யூட் வரிசையாக வருகிறது. ஆங்கிலத்தில் இதைப் புரியவைக்கப் பக்கக்கணக்கில் எழுதுவார்கள். தமிழில் ஒரு வினையெச்சம்: 'எல்லாம் தயாரானதும்', 'டிராய் பிடிபட்டபின்'. எழுவாய் வேறாக இருந்தாலும் எச்சம் போட்டு வாக்கியத்தை நீட்டுவது நம் அன்றாடப் பேச்சு. அதனால்தான் மற்றவர்கள் தடுக்கி விழும் கடைசிக் கதையில் தமிழ் வாசகர் வேகமெடுப்பார்.

கதைகள் புராணமாக இருந்தாலும் நடை சீசருடையது. ஔகியாஸ் அரசனின் மாட்டுத் தொழுவத்தைக் கழுவ ஹெர்குலிஸ் என்ன செய்கிறான்? மூவாயிரம் மாடு அடைத்த, ஒருநாளும் கூட்டாத தொழுவம். அவன் 'ஃபொஸ்ஸம் டுவொடேவீகின்டீ பெடும் டூக்ஸிட்': 18 அடி அகழி வெட்டுகிறான். 'டுவொடேவீகின்டீ' என்றால் இருபதுக்கு இரண்டு குறைவு. புராணத்தில் இந்தப் பதினெட்டு அடி எங்கிருந்து வந்தது? காலியப் போர்க் குறிப்புகளின் இரண்டாம் புத்தகத்தில், சீசர் தன் பாசறைக்கு 18 அடி அகழி வெட்டச் சொல்கிறார், இதே சொற்கள். யுலிசிஸின் ஆட்கள் 'டெம்பெஸ்டாடெம் இடோனெயம் நக்டீ' கப்பலைச் செலுத்துகிறார்களே, அதுவும் சீசர் பிரிட்டனுக்குக் கடல் கடந்த நான்காம் புத்தகத்தின் வாசகத்தை ஒட்டியதுதான். கதை வாசிக்கிறோம் என்ற நினைப்பிலேயே சீசரின் சொற்றொடர்கள் மனத்தில் இறங்கிவிடுகின்றன. பிறகு சீசரைத் திறக்கும்போது பழகிய முகங்கள் பத்துப் பதினைந்தாவது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

'டெம்பெஸ்டாஸ்' சொல்லில் ஒரு எச்சரிக்கை. முதல் பகுதியில் அது புயல். பெட்டியை அலைக்கழிப்பது அதுதான். அதை அப்படியே மனப்பாடம் செய்தவர் யுலிசிஸில் 'தகுந்த புயல் கிடைத்ததும் கப்பலை விட்டார்கள்' என்று எழுதுவார். அடிப்படைப் பொருள் 'வானிலை'. நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று குறித்துவைக்கும் பழக்கம் எங்கே முறியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நூலில் இல்லை.

நெடில் குறில் பிரச்சினைக்கு வருவோம். இணையத்தில் உலவும் வெற்று உரைகளில் பெரும்பாலும் நெடில் குறி இருக்காது. ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி தெரியும் சொற்கள் உண்மையில் வேறு வேறு. 'வெனிட்' வருகிறான், 'வேனிட்' வந்தான். 'ஃபுகிட்' ஓடுகிறான், 'ஃபூகிட்' ஓடினான். மெடூசாவின் சகோதரிகளான கோர்கன்கள் பெர்சியூஸை 'ஒக்கீடெரெ' விரும்பினார்கள் என்றால் கொல்ல விரும்பினார்கள். 'ஒக்கிடெரெ' என்று குறிலாக வாசித்தால் 'விழ' என்றாகிவிடும். இங்கேதான் நம் எழுத்து கைகொடுக்கிறது. எ, ஏ, ஒ, ஓ உட்பட எல்லாவற்றிலும் குறிலையும் நெடிலையும் தனி எழுத்தாக வைத்திருக்கும் மொழி நமது. சொல் குறிப்பேட்டில் ரோமன் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்திலும் எழுதிவையுங்கள். உரக்க வாசிக்கும்போது அளவு பிசகாது. ககரமும் ஜி ஒலியும் தமிழ் எழுத்தில் கலந்துவிடும் குறையைத் தீர்க்க, மெல்லோசை வரும் எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டால் போதும்.

இதற்கு ஒரே பத்தியில் அழகான சோதனை இருக்கிறது. நான்காம் பகுதியில் பெர்சியூஸ் சிறகுச் செருப்பை மாட்டிக்கொண்டு 'இன் ஆஎர' ஏறுகிறான்: காற்றில். நாலு வரி தள்ளி கோர்கன்களின் கைகள் 'எக்ஸ் ஐரெ' செய்யப்பட்டவை: வெண்கலத்தால். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில்தான் தொடங்கும். அவசரத்தில் வாசிக்கிறவர் கோர்கன்களுக்குக் காற்றாலான கைகளைக் கொடுத்துவிடுவார், அல்லது பெர்சியூஸை வெண்கலத்துக்குள் பறக்கவிடுவார். தமிழ் எழுத்தில் 'ஆஎர', 'ஐரெ' என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை. 'ஆஎர' என்பது கிரேக்க உருபு. 'டனயேன்' என்று பெர்சியூஸின் தாய் தானாயேவின் பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்பதும் அப்படியே. கிரேக்கப் பெயர்கள் தங்கள் உருபைக் கூடவே கொண்டுவரும் என்று தெரிந்திருந்தால் அச்சுப்பிழையோ என்ற சந்தேகம் எழாது.

படிக்கும் முறை எளிது. ஒரு பகுதியைச் சொற்பட்டியல் இல்லாமல் இருமுறை உரக்க வாசியுங்கள். வினைகளுக்கு அடிக்கோடிடுங்கள். இரண்டாம் வேற்றுமைச் சொல்லுக்கு மேலே 'ஐ' என்று எழுதுங்கள். முதலில் வரும் பெயரே எழுவாய் என்று நம்பி வாசிப்பதுதான் தொடக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. இந்த 'ஐ' அதைத் தடுக்கும். அதற்குப் பிறகே சொற்பட்டியல். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு புதுச் சொற்களுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மறுநாள், நீங்கள் எழுதிய தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை மூடிவிட்டு லத்தீனைத் திரும்ப எழுதுங்கள். மூலத்தோடு ஒப்பிடும்போது எந்த ஈறு கைக்கு வரவில்லை என்பது வெளிச்சமாகும். இந்தத் திருப்பி எழுதும் வேலையைத் தவிர்க்கிறவர்கள் கதையை ரசிப்பார்கள், இலக்கணம் மட்டும் தங்காது.

கதைச் சொற்களுக்கு முன்பே, ஒன்றோடொன்று குழம்பும் இந்தச் சிறு சொற்களைக் கரைத்துக் குடித்துவிடுங்கள்: 'டும்' என்று தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டில் வல்லோசையில் தொடங்குவது 'பிறகு', மெல்லோசையில் தொடங்குவது 'போது', 'டமென்' ஆனாலும், 'டன்டெம்' கடைசியில், 'இகிடுர்' ஆகவே, 'எனிம்' ஏனெனில், 'ஸ்டடிம்' உடனே. டமென், டன்டெம் இரண்டையும் மாற்றிப்போடாத தொடக்க மாணவர் அரிது. 'போது' என்ற பொருள் தரும் அந்த 'டும்' நிகழ்கால வினையைத்தான் கேட்கும், கதை இறந்தகாலத்தில் நடந்தாலும்: 'டும் ஃபுகிட், கலெயம் மகிகம் இன்டுவிட்', ஓடும்போதே மாயத் தலைக்கவசத்தை மாட்டினான். தமிழிலும் 'ஓடியபோது' என்னாமல் 'ஓடும்போது' என்கிறோமே, அதேதான்.

பெர்சியூஸுக்கு இரண்டு வாரம், ஹெர்குலிஸுக்கு நாளொரு பகுதி, ஆர்கோவுக்கும் யுலிசிஸுக்கும் இரண்டு நாளுக்கு ஒரு பகுதி என்று போனால் நாலரை ஐந்து மாதத்தில் நூல் முடியும்.

குறைகளும் உண்டு. புராணத்தை இதில் கற்றுக்கொள்ள நினைக்காதீர்கள். ஒற்றைக் கண்ணையும் ஒற்றைப் பல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கிரையாய்க் கிழவிகளிடமிருந்து பெர்சியூஸ் கண்ணைப் பறித்து வழி கேட்கும் அருமையான காட்சி இங்கே இல்லை. அவர்கள் செருப்பையும் தலைக்கவசத்தையும் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். மெர்குரி நிற்க வேண்டிய இடத்தில் அப்பல்லோ நிற்கிறார். ஜூபிடர் தானாயேவிடம் பொன்மழையாக இறங்கியதும் இல்லை. இந்த வெட்டு நமக்கு இழப்பே. இன்னொரு பக்கம், பித்துப்பிடித்த ஹெர்குலிஸ் சொந்தப் பிள்ளைகளைக் கொல்வது அப்படியே இருக்கிறது. சிறுவர்களோடு சேர்ந்து படிக்கிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும்.

ஹெர்குலிஸின் பன்னிரண்டு பணிகள் நடுவில் சலிக்கும். அரசன் யூரிஸ்தியஸ் ஏவுகிறான், இவன் போகிறான், முடித்துத் திரும்புகிறான். ஏவல், பயணம், சண்டைக்கான சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் தங்கிவிடுவது என்னவோ உண்மை. அதற்காகக் குதித்துத் தாண்டிவிட வேண்டாம். அலுப்புத் தட்டினால் நாளுக்கு இரண்டு பகுதியாக வேகத்தைக் கூட்டுங்கள். சொல்வளம் போர்க்களம், கப்பல், அரசவை பக்கமே சாய்ந்திருப்பதால் அடுப்படிச் சொல்லோ கடைத்தெருச் சொல்லோ அதிகம் கிடைக்காது.

எந்தப் பதிப்பு? ஆசிரியர் துணை இல்லாதவர்களுக்கு ஜெஃப்ரி ஸ்டெட்மன் தொகுத்த பதிப்பு வசதியானது. அடிக்கடி வரும் சொற்கள் முன்னால் பட்டியலாக, மற்றவை அந்தந்தப் பக்கத்திலேயே குறிப்போடு. இலவசக் கோப்பாகவும் அச்சாகவும் கிடைக்கிறது. வசதியில் ஆபத்தும் இருக்கிறது: பொருள் கண்ணெதிரே இருந்தால் நினைவு வேலை செய்யாது. முதல் வாசிப்பில் குறிப்பின் மேல் ஒரு தாளை வைத்து மூடிக்கொள்ளுங்கள். கர்ட்லண்ட் பதிப்பில் பின்பக்கம் புரட்ட வேண்டும். அந்தச் சிறு சிரமமே சொல்லைப் பதியவைக்கும்.

கடைசிக் கதையில் ஒற்றைக்கண் பாலிஃபீமஸின் குகையை மட்டும் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யுலிசிஸ் தன் பெயர் 'நேமோ' என்கிறான், 'யாருமில்லை'. கண்ணைக் குத்திவிட்டபின் மற்ற ஒற்றைக்கண்ணர்கள் ஓடிவந்து யார் செய்தது என்று கேட்க, 'நேமினெம் இட் ஃபேகிஸ்ஸெ' என்கிறான் பாலிஃபீமஸ். 'நேமோ என்பவன் செய்தான்' என்றும் கேட்கலாம், 'யாரும் செய்யவில்லை' என்றும் கேட்கலாம். தமிழில் இந்தத் தந்திரம் பலிக்காது. 'யாரும்' என்று வாயெடுத்தாலே வினை 'செய்யவில்லை' என்று எதிர்மறையாகிவிடும், பெயராக நினைக்க வழியில்லை. லத்தீனில் 'நேமோ' தன்னுள்ளேயே எதிர்மறையை வைத்திருப்பதால் வினை உடன்பாடாகவே நிற்கிறது. ஒற்றைக்கண்ணர்கள் ஏமாந்து, யாரும் செய்யவில்லை என்றால் இது தெய்வச் செயல்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். இருட்டுக் குகைக்குள் யுலிசிஸ் காத்திருக்கிறான்.